வரி போட்ட சட்டி: பிஸென் நாட்குறிப்பு

முதல் நாள்: இம்பே

காலையில் ஒஸாகாவில் ஷின்கான்ஸென் அதிவேக ரயிலில் ஏறி ஒகாயாமாவில் இறங்கினேன். அங்கே அகோ தடத்தின் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். மாறுகிற நேரத்தில் ஒரு ரயிலைக் கோட்டைவிட்டேன். அடுத்த ரயிலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து 40 நிமிடப் பயணம். இம்பேயில் இறங்கியபோது உச்சிவேளை ஆகிவிட்டது.

ஜப்பானில் மட்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர்கள் பல உண்டு. பளிச்சென்ற வெள்ளையும் நீலச் சித்திரமும் வேண்டுமென்றால் அரிதாவுக்குப் போகலாம். எனக்குப் பல ஆண்டுகளாகப் பிஸென் மீதுதான் மனம். இங்கே வனையும் பாண்டத்துக்கு மெருகுப் பூச்சு கிடையாது, சித்திரம் கிடையாது. மண்ணை வனைகிறார்கள், காய வைக்கிறார்கள், சூளையில் அடுக்கி விறகு போட்டு எரிக்கிறார்கள். வெளியே வரும்போது அதன் மேல் என்ன இருக்கிறதோ அதுதான் பாண்டம். பிஸென், தாம்பா, ஷிகராகி, எச்சிஸென், தொகொனாமே, ஸெதோ ஆகிய ஆறும் ஜப்பானின் பழஞ்சூளை ஊர்கள். இவற்றை 2017இல் ‘ஜப்பான் மரபு’ என்ற பட்டியலில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

பிஸென் நகரம் மலையும் கடலுமாகப் பரந்து கிடக்கிறது. 2005இல் ஹினாஸெ, யொஷினாகா என்ற ஊர்களும் அதனோடு சேர்ந்துவிட்டன. ஆனால் பாண்டத்துக்குத் தாய்வீடு இந்த இம்பேதான். நிலையத்தைவிட்டு வெளியே வந்து நிமிர்ந்தால், ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே சதுரமான செங்கல் புகைபோக்கிகள் தெரிகின்றன. ஒன்றிரண்டில் செடி முளைத்திருக்கிறது. ஒன்றில் மெல்லிய புகை. எங்கோ ஒரு சூளை எரிகிறது என்று தெரிந்ததும் கால்கள் தாமாகவே வேகமெடுத்தன.

கடைத்தெருவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, முதலில் ரயில் பாதைக்குத் தெற்கே இருக்கும் பெருஞ்சூளைச் சிதைவுக்குப் போனேன். சில நிமிட நடைதான். மலையடிவாரச் சரிவில் புல் மூடிய நீண்ட பள்ளம் ஒன்று கிடக்கிறது. நீளம் 54 மீட்டர், அகலம் 5 மீட்டர். 16ஆம் நூற்றாண்டில் ஊரே கூடி எரித்த பொதுச் சூளை அது. ஒரு முறை மூட்டினால் ஒரு மாதத்துக்கும் மேல் எரியுமாம். இதுபோல ஊரின் மேற்கிலும் வடக்கிலும் ஒவ்வொன்று இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ‘எதோ’ ஆட்சிக் காலத்தில் ஆறு குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து அவற்றை நடத்தின. தெற்குச் சூளை 1959இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

பள்ளத்தைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் பக்கவாட்டு மேடு. மண்மேடு என்று நினைத்து மிதிக்கப் போனவள் காலைப் பின்வாங்கிக்கொண்டேன். முழுவதும் ஓடுகள். வெடித்தது, கோணியது, ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டது என்று சூளையிலிருந்து எடுத்ததும் தூக்கி எறிந்தவை. 400 ஆண்டுக் கழிவு. எதையும் எடுக்கக் கூடாது, நான் எடுக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். தாழியின் தடித்த விளிம்பு ஒன்று. குடுவையின் தோள் ஒன்று. அப்புறம் ஒரு சட்டியின் அடிப்பாகம். அதன் உட்புறத்தில், சீப்பை வைத்து இழுத்தது போல ஏழெட்டுக் கோடுகள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடின.

அம்மாவின் கீரைச்சட்டி! வேறு எதுவும் தோன்றவில்லை. மத்தால் கடையும்போது கீரை வழுக்காமல் மசிவதற்காக உள்ளே வரி போட்டிருக்கும் அதே ஏற்பாடு. ஜப்பானில் இதற்குச் சுரிபாச்சி என்று பெயர். இங்கே எள்ளையும், மிஸோ என்னும் புளித்த சோயா விழுதையும் அரைக்கிறார்கள்.

இடைக்காலப் பிஸெனின் பிழைப்பே தாழி, குடுவை, சுரிபாச்சி ஆகிய மூன்றில்தான் நடந்தது. படகில் ஏற்றி ஜப்பானின் பாதிக்கு அனுப்பினார்கள். பழைய சட்டிகளில் வரிகள் இடைவெளிவிட்டு எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். காலம் போகப்போக நெருங்கி, பிற்காலத்தில் உட்புறம் முழுவதையும் மூடிவிடும். தோண்டும் ஆய்வாளர்கள் இந்த வரியைப் பார்த்தே காலத்தைக் கணிக்கிறார்கள். தேநீர்ச் சடங்குக் கிண்ணங்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊருக்குச் சோறு போட்டது அரைக்கும் சட்டி. இந்தப் பயணம் முடிவதற்குள் ஒரு நல்ல சுரிபாச்சி வாங்கிவிடுவது என்று அந்த மேட்டிலேயே முடிவு செய்துவிட்டேன்.

மாலையில் அமத்ஸு கோயில். வாசல் கூரை, மதில், காவல் சிங்கங்கள் எல்லாமே பிஸென் மண். நடைபாதையிலும் சுவரிலும் உள்ளூர்க் குயவர்கள் செய்த ஓட்டுப் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். மழை தூறியது. நனைந்ததும் சிங்கத்தின் முதுகு, அப்போதுதான் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது போல் கறுத்துப் பளபளத்தது. பிஸென் பாண்டத்தைப் பார்ப்பதென்றால் நனைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள்: மண்ணும் சூளையும்

அலுவலகத் தோழி ஒருத்தி மூலம் ஒரு குயவர் வீட்டில் அனுமதி கேட்டிருந்தேன். கணவருக்கு அறுபது வயதிருக்கும். அவரைச் ‘சென்செய்’, அதாவது ஆசிரியர், என்றே அழைத்தேன். மனைவியும் அவரோடு சேர்ந்து வனைகிறார். சூளையில் விறகு போடுவதில் அவர் தன்னைவிடக் கெட்டிக்காரி என்று சென்செயே சொன்னார்.

முதலில் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனார். தார்ப்பாய் போடாத மண்குவியல், மழையில் நனைந்து கிடந்தது. ‘ஹியோஸெ’ என்னும் வயல் களிமண். இந்தப் பக்கத்து நெல்வயல்களுக்கு அடியில் 2 முதல் 4 மீட்டர் ஆழத்தில் மெல்லிய படிவமாக இருக்கிறது. அறுவடை முடிந்த பிறகு வயலைத் தோண்டி எடுத்துவிட்டு, பழையபடி மூடி நிரவிக் கொடுக்க வேண்டும். எடுத்த மண்ணை உடனே தொடுவதில்லை. வெயிலிலும் மழையிலும் பனியிலும் ஆண்டுக்கணக்கில் போட்டு வைக்கிறார்கள். பிறகு வேரும் கல்லும் பொறுக்கி, கரைத்து, வடித்து, மறுபடியும் புளிக்க வைப்பது போல மூடி வைக்கிறார்கள். ஒரு உருண்டையைக் கையில் கொடுத்தார். கருஞ்சாம்பல் நிறம், மட்கிய இலையின் வாசனை. கட்டைவிரலால் தேய்த்தபோது வெண்ணெய் போல வழுக்கியது.

“இந்த மண்ணுக்கு அவசரம் பிடிக்காது” என்றார் சென்செய்.

அதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த மண்ணில் இரும்பு அதிகம், சூட்டைத் தாங்கும் வலு குறைவு. சட்டென்று சூடேற்றினால் வெடிக்கும், உப்பும். காயும்போதும் சுடும்போதும் பத்தில் இரண்டு பங்கு வரை சுருங்குவதால், மேலே மெருகு பூசினாலும் அது ஒட்டி நிற்காது. ஆகவே பூச்சு வேண்டாம் என்று பிஸென்காரர்கள் ஏதோ அழகுக் கொள்கைக்காக முடிவெடுத்துவிடவில்லை. பூச்சை மண்தான் ஏற்க மறுத்தது. எட்டு, பத்து, பதினான்கு நாள் என்று மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றி, 1200 பாகை செல்சியஸுக்கு மேல் கொண்டுபோகிறார்கள். அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்லுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. நம் ஊர் மண்பானை குறைந்த சூட்டில் வெந்தது. அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. பிஸென் குடுவை கசியாது. விரலால் சுண்டினால் வெண்கலம் போலக் கணீரென்கிறது.

சென்செய் சக்கரத்தில் உட்கார்வதற்கு முன் மண்ணைப் பிசைந்தார். அழுத்தித் திருப்பி, அழுத்தித் திருப்பி, மண்ணில் செவ்வந்திப்பூ இதழ்கள் போல மடிப்புகள் விழுந்தன. செவ்வந்திப் பிசைவு என்றே அதற்குப் பெயர். ஒரு காற்றுக் குமிழி உள்ளே தங்கினாலும் சூளையில் பாண்டம் போச்சு.

வனைவது அவருக்குச் சில நிமிட வேலை. அவர் நேரமெடுத்துச் சொன்னது சூளை அடுக்குவதைப் பற்றி. ஒரு தாளில் சூளையின் குறுக்குவெட்டை வரைந்து, எந்தப் பாண்டம் எங்கே நிற்கும் என்று புள்ளி வைத்துக் காட்டினார். நெருப்புக்கு எதிரே நிற்பதன் மேல் சிவப்புப் பைன் விறகின் சாம்பல் பறந்து வந்து படிந்து, உருகி, எள் தூவியது போல் ஆகும். அதற்கு ‘கோமா’, எள் என்றே பெயர். தரையில் தணலுக்குள் புதையும் பாண்டத்துக்குக் காற்று கிடைக்காது. அது சாம்பலும் நீலமுமாக மாறும், ‘ஸங்கிரி’. தட்டின் மேல் வட்டமான மண் வில்லையை வைத்துச் சுட்டால், வில்லை மறைத்த இடம் மட்டும் செவ்வட்டமாக நிற்கும். ‘பொதாமோச்சி’ என்னும் இனிப்பு உருண்டையின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

என் மனம் நின்றது ‘ஹிதாஸுகி’யில். நெருப்பு நேரே படாதபடி, ஒன்றுக்குள் ஒன்றாகப் பாண்டங்களை வைக்கும்போது, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே வைக்கோலைச் சுற்றுவார்கள். வைக்கோல் எரிந்துவிடும். ஆனால் அதிலிருக்கும் பொட்டாசியம் மண்ணின் இரும்போடு சேர்ந்து, வைக்கோல் தொட்ட இடமெல்லாம் செக்கச் சிவந்த கோடாக நிற்கும். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தார். வெளிர் மண்ணில் சிவப்பு இழைகள். ஒரு வைக்கோல் தாள் நடுவில் மடிந்திருந்தது, கோடும் அந்த இடத்தில் மடிந்திருந்தது. அந்த மடிப்பை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு எட்டு மணிக்கு, பக்கத்துத் தெருவில் எரியும் சூளைக்கு அழைத்துப் போனார்கள். உறவுக்காரரின் சூளை, இன்று எட்டாம் நாள். முறை வைத்து இரவும் பகலும் ஆள் மாறுகிறது. நான் நேற்று பார்த்த புகை இதுதான். நாங்கள் போனபோது சென்செயின் மனைவி விறகு முறையை ஏற்றுக்கொண்டார். தலையில் துண்டு, கையில் தடித்த கையுறை. வாயிலின் சிறு மூடியை இழுத்தார். உள்ளே சிவப்பு இல்லை, வெள்ளைக்கு அருகிலான மஞ்சள். இரண்டு விறகு, மூன்றாவது, நான்காவது, உடனே மூடி. சூளை உறுமியது. புகைபோக்கியில் கரும்புகை கிளம்பி, நுனியில் ஒரு நாக்கு நெருப்பு எட்டிப் பார்த்தது. சில நிமிடத்தில் புகை வெளுத்து, உறுமல் அடங்கியது. அந்த அடக்கத்தைக் காதால் கேட்டுத்தான் அடுத்த விறகு போடுகிறார். சுவரில் வெப்பமானி எண் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தது ஓரிரு முறைதான்.

நானும் ஒரு விறகு போடலாமா என்று கேட்டேன். தலையசைத்து மறுத்துவிட்டார். “கை ஒரு சாண் தவறினால் உள்ளே ஒரு வரிசை சரியும். அது ஓராண்டு உழைப்பு.” கேட்டதற்கு வெட்கப்பட்டேன். பதினொரு மணி வரை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நாளில் பக்கத்துத் துளைகள் வழியே கரியைக் கொட்டி, எல்லா வாயையும் மண்ணால் பூசி அடைத்து, ஒரு வாரம் ஆறவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் என்ன கிடைத்தது என்று தெரியும்.

கிளம்பும்போது சென்செய் போர்க்காலத்தைப் பற்றிச் சொன்னார். ‘எதோ’ ஆட்சிக் காலத்திலேயே பீங்கானின் போட்டியில் பிஸென் தேய்ந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி காலத்தில், சாக்கடைக் குழாயும் செங்கலும் செய்து பிழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது, பள்ளிகளில் உழைப்புக்கும் படிப்புக்கும் எடுத்துக்காட்டாக நின்ற நினோமியா கின்ஜிரோவின் வெண்கலச் சிலைகளை உருக்க எடுத்துக்கொண்டு போனார்கள். அவற்றின் இடத்தில் பிஸென் மண்சிலைகள் நின்றன. இந்த மண்ணில் கையெறி குண்டின் ஓடுகூடச் செய்தார்கள். களத்துக்கு அவை போகவில்லை. போருக்குப் பின், 16ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த மொமொயாமா காலப் பாண்டங்களின் நுட்பத்தை மீட்டெடுத்த கானெஷிகே தோயோ 1956இல் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற பட்டத்தைப் பெற்றார். பிஸெனில் அவர்தான் முதல்வர். அவருக்குப் பிறகு நால்வர் அந்தப் பட்டத்தைப் பெற்றிருக்கிறார்கள். சின்ன ஊருக்கு இது பெரிய கணக்கு.

மூன்றாம் நாள்: ஷிஸுதானி

யொஷினாகா நிலையத்தில் இறங்கி டாக்ஸி எடுத்தேன். மலைகளுக்கு நடுவே ஒதுங்கிய பள்ளத்தாக்கு. 1670இல் ஒகாயாமாப் பிரபு இகேதா மித்ஸுமாஸா இங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். கட்டும் பொறுப்பைத் தம் அலுவலர் த்ஸுதா நாகாதாதாவிடம் ஒப்படைத்தார். சாமுராய்ப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று வைக்காமல், குடியானவர் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று திறந்த பள்ளி. வெளியூர்ப் பிள்ளைகளும் வந்து படித்தார்கள்.

நான் வந்தது கூரைக்காக. இப்போதுள்ள பாடமண்டபம் 1701இல் முடிந்தது, இன்று தேசியப் பொக்கிஷம். அதன் கூரை முழுவதும் பிஸென் ஓடு. படத்தில் பார்த்தபோது பழுப்பு என்று நினைத்திருந்தேன். நேரில் ஒரு ஓடு போல் இன்னொன்று இல்லை. கருஞ்சிவப்பு, செங்கல் நிறம், புளியங்கொட்டை நிறம், சில இடத்தில் ஈயச் சாம்பல். சூளையில் எது எங்கே நின்றது என்று நேற்று சென்செய் புள்ளி வைத்துக் காட்டினாரே, அந்த வேறுபாடு முழுவதும் இங்கே கூரையில் விரிந்து கிடக்கிறது. தேநீர்க் கிண்ணத்தில் இந்த நிறங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கே அவை 300 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகள் தலையில் மழை விழாமல் காக்கின்றன. பிஸெனின் ஆகச் சிறந்த பாண்டம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், இந்தக் கூரையைத்தான் சொல்வேன்.

த்ஸுதா கட்டியதைப் பார்த்தால் மனிதர் எவ்வளவு தூரம் யோசித்தார் என்று தெரிகிறது. பிள்ளைகள் தங்கிய விடுதியில் அடுப்பு எரியும், தீப்பிடித்தால் மண்டபத்துக்குப் பரவும் என்று நடுவே ஒரு செயற்கைக் குன்றையே எழுப்பியிருக்கிறார். பிரபு வேறு பகுதிக்கு மாற்றப்பட்டாலும் பள்ளி நிற்க வேண்டும் என்று, அதற்கென்று தனி நிலம் ஒதுக்கி வைத்தார். சுற்றிலும் 765 மீட்டர் நீளக் கல்மதில். மேல்விளிம்பை உருளையாகச் செதுக்கி, கற்களுக்கு நடுவே கத்தி நுழையாதபடி பொருத்தியிருக்கிறார்கள்.

மண்டபத்துக்குள் பத்துத் தூண்களும் தேய்ந்து மின்னும் பலகைத் தரையும் மட்டும்தான். சுடர் வடிவ ஜன்னல் வழியே வந்த ஒளி தரையில் செம்மஞ்சளாகப் பரவியிருந்தது. வெளியே ‘காய்’ என்று ஜப்பானியப் பெயர் கொண்ட இரண்டு மரங்கள். சீனாவில் கன்பூசியஸ் கல்லறையருகே பொறுக்கி 1915இல் கொண்டுவந்த விதைகளிலிருந்து வளர்ந்தவை. நவம்பர் தொடக்கமானதால் ஒன்று முழுச் சிவப்பு, மற்றொன்று மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் முழுவதும் மரத்தைத்தான் படமெடுத்தது. நான் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கூரையைப் பார்த்து நின்றேன்.

நான்காம் நாள்: ஹினாஸெ, மறுபடியும் இம்பே

ஹினாஸெ கடற்கரை ஊர். சிப்பிப் பருவம் இப்போதுதான் தொடங்குகிறது. மாவும் கோஸும் கலந்து, சிப்பியைத் தாராளமாகப் போட்டு இரும்புக் கல்லில் சுடும் ‘காகியோகோ’ ஒன்றைச் சாப்பிட்டேன். வெளியே குளிர், கல்லின் மேல் சிப்பி வெடிக்கும் சத்தம். இந்த மீனவர்கள் 1985 முதல் கடற்புல் விதையைத் தாங்களே விதைத்து, அழிந்துகொண்டிருந்த கடற்புல் படுகையை மீட்டு வருகிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்று என் மனம் சட்டியிலேயே இருந்தது.

மதியம் இம்பே கடைத்தெரு. ஸாகே கிண்ணம், பூச்சாடி, பீர்க் குவளை. குவளையின் நுண்ணிய சொரசொரப்பில் நுரை மெல்லியதாக நிற்கும் என்று எல்லாக் கடையிலும் சொன்னார்கள். சுரிபாச்சி என்றால் உதட்டைப் பிதுக்கினார்கள். இப்போது மெருகிட்டவை மலிவாகக் கிடைக்கின்றன, யார் வாங்குகிறார்கள் என்றார் ஒருவர். ஏழாவது கடையில், முன்னால் உட்கார்ந்திருந்த மூதாட்டி எழுந்து உள்ளே போனார். திரும்பி வர நேரமாயிற்று. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

பிரித்தார். கருஞ்சிவப்புச் சட்டி, ஒரு பக்கம் மட்டும் எள் சிதறல். உள்ளே நெருக்கமான வரிகள்.

“தூக்கிப் போட்டாலும் உடையாது பிஸென் சுரிபாச்சி என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள்” என்று சிரித்தார். “நீங்கள் தூக்கிப் போட வேண்டாம், அம்மா.”

முதல் நாள் தண்ணீரில் ஊற வை, வரிகளுக்குள் ஒட்டுவதை மூங்கில் குச்சித் தூரிகையால் தேய்த்துக் கழுவு, நன்றாகக் காய வைத்து எடுத்து வை என்றார். அரைக்கும் கட்டையையும் அவரே எடுத்து வைத்தார். ஸான்ஷோ மரத்தில் செய்தது, பட்டையின் முண்டும் முடிச்சும் அப்படியே இருக்கின்றன. என்ன அரைப்பீர்கள் என்று கேட்டார். கீரை என்றேன். அவருக்குப் புரியவில்லை. வேகவைத்த கீரையைப் பூண்டோடு மசிப்போம், எங்கள் ஊரிலும் இதேபோல் வரி போட்ட மண்சட்டி உண்டு என்று கையால் கடைந்து காட்டினேன். “ஓ, அங்கேயும் வரியா!” என்று அவர் சட்டியின் உட்புறத்தை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் செய்தித்தாளில் சுற்றினார்.

வீடு திரும்பிய மறுநாள்

இரவு முழுவதும் ஊற வைத்திருந்தேன். நனைந்த சட்டி, கோயில் சிங்கத்தைப் போலவே கறுத்துப் பளபளத்தது. கடையில் கிடைத்த பசலை போன்ற கீரையை நான்கு பல் பூண்டு, இரண்டு பச்சைமிளகாயோடு வேகவைத்துச் சட்டியில் போட்டேன். கீழே ஈரத்துணி விரித்துச் சட்டியை நிறுத்தி, கட்டையைச் சுழற்றினேன். மத்தின் பழக்கத்தில் முதலில் கை இரண்டும் எதிரெதிராகப் போயிற்று. பிறகு பிடிபட்டது. வரிகளில் பூண்டு மாட்டி நசுங்கும் சத்தம் கேட்டது.

வழித்து எடுத்த பிறகும் வரிகளுக்குள் பச்சை தங்கியிருந்தது. கழுவ மனம் வரவில்லை. சூடான சோற்றைச் சட்டியிலேயே போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன்.